பிந்தி விழுந்த கை

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முழுநீளக் கச்சேரி ஒன்றை முதல் பாட்டிலிருந்து மங்களம் வரை ஒருமுறை எடிட் செய்து பார்த்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்து பேசட்டும். கல்யாண வீடியோவில் அடியில் ஒரு பாட்டை ஓடவிட்டு மேலே எந்தக் காட்சியை வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். மேளம் எப்போது கொட்டியது, தாலி எப்போது ஏறியது என்று எவனும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. கச்சேரி அப்படியில்லை. வாய் திறக்கும்போது குரல் வர வேண்டும், வில் இழுக்கும்போது வயலின் வர வேண்டும், கை விழும்போது மிருதங்கம் பேச வேண்டும். இம்மி பிசகினாலும் பார்க்கிறவனுக்கு எங்கேயோ உறுத்தும், எங்கே என்று சொல்லத் தெரியாது.

வேங்கிக்காலில் ஒரு மாடி அறையில் என் எடிட்டிங் வேலை. திருவண்ணாமலையில் கல்யாண ஆர்டருக்குக் குறைவில்லை. அதற்கு நடுவில் செங்கம் ரோடு பக்கம் நடக்கிற கச்சேரிகளையும் எடுத்துத் தருவோம். கச்சேரிக்கு மூன்று கேமரா. ஒன்று மேடை முழுவதற்கும், ஒன்று பாடுகிறவருக்கு, ஒன்று மிருதங்கத்துக்கு. சத்தம் மட்டும் மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து தனியாக ஒரு ரெக்கார்டரில் பதிவாகும். ஆக மொத்தம் நாலு. நாலும் ஒன்றாகக் கிளம்பினாலும் ஒன்றாகப் போய்ச் சேராது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு கடிகாரம், ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு துளி வேகமாகவோ ஒரு துளி மெதுவாகவோ ஓடும். முதல் பாட்டில் ஒட்டி வைத்த உதடும் குரலும் போகப் போக விலகிவிடும். பாட்டு முடிந்து கைதட்டுகிற இடத்தில் சத்தத்தை வெட்டிச் சரிசெய்யலாம் என்றால், தம்புராப் பெட்டி நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், வெட்டிய இடத்தில் விக்கல் எடுத்தது போலக் கேட்கும். அதனால் நான் சத்தத்தைத் தொடவே மாட்டேன். படத்தைத்தான் இழுப்பேன், குறுக்குவேன், இழுத்தது தெரியாமல் பார்த்துக்கொள்வேன்.

நாலையும் முதலில் ஒன்றாகக் கோக்க ஒரு கைதட்டல் வேண்டும். எல்லாம் ஓடத் தொடங்கியதும் மேடையில் யாராவது ஓங்கி ஒருமுறை தட்டினால் போதும், அந்த ஒரு தட்டை நாலிலும் தேடிப் பிடித்து நேருக்கு நேர் வைத்துவிடலாம். நான் சொல்ல வந்த கச்சேரியில் அதைக் கேட்டதற்கு, அதை நடத்திய சபாவின் செயலாளர் முகத்தைச் சுளித்தார்.

"வெளக்கேத்தற நேரத்துல இன்னாம்மா கைதட்டு? சாமி காரியம். அதெல்லாம் உன் கம்ப்யூட்டர் பாத்துக்காதா?"

கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமாம்! அப்புறம் நான் எதற்கு என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். நல்லவேளையாக மிருதங்கம் வாசிக்க வந்த பெண் சுருதி சேர்ப்பதற்காகக் கல்லை எடுத்து மிருதங்கத்தின் விளிம்பில் டக் டக்கென்று தட்டினாள். மூன்றாவது கேமராவில் கல் விழுவது பளிச்சென்று தெரிந்தது, ரெக்கார்டரில் சத்தம் ஊசி போல விழுந்தது. கச்சேரியின் முதல் பாதியை அதை வைத்தே கோத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற விவசாயக் குடும்பம். அவளுடைய அக்கா கல்யாணத்துக்கு ஆல்பம் செய்துகொடுத்தது நான்தான், அதிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பஸ் ஏறி வந்து டவுனில் ஒரு வாத்தியாரிடம் சின்ன வயதிலிருந்து கற்றுக்கொண்டவள். கோயில் விழாக்களில், பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் வாசிப்பாள். அன்றைக்குச் சென்னையிலிருந்து பாட வந்த பெரியவருக்கு வழக்கமாக வாசிக்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்காமல் இவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

அவள் வாசித்தாள் பாருங்கள், கூடம் அசந்துபோனது. முக்கியமான பாட்டு முடிந்து, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில், பாடகர் தாளம் போட்டுக்கொண்டே தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். முடிந்ததும் மைக்கை இழுத்து, "இந்தக் குழந்தை இந்த மார்கழியில சென்னையில எனக்கு வாசிக்கப்போறா" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அவள் அப்பா பின்வரிசையில் நின்றுகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். மார்கழி மேடை என்றால் விளையாட்டா? அங்கே ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் நாலு பேர் கூப்பிடுவார்கள். அது இல்லையென்றால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

இப்போது கேளுங்கள், அந்த நல்ல கச்சேரியை எப்படிக் கெடுத்தார்கள் என்று. தலைமை விருந்தினர் நேரத்துக்கு வரவில்லை. அவருக்கென்ன, பெரிய மனிதர். அவர் வந்தது நடுக் கச்சேரியில், முக்கியமான பாட்டு தொடங்குகிற நேரத்தில். செயலாளர் ஓடிப்போய்ப் பாடகரை நிறுத்தச் சொல்லி, விருந்தினரை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, பேசவும் வைத்தார். மைக்செட்காரர் பேச்சுதானே என்று ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, பாட்டு தொடங்கும்போதுதான் மறுபடி போட்டார். மிருதங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராக்காரர் கேமராவைக் கழற்றிக்கொண்டு பொன்னாடையை எடுக்க ஓடினார். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அதுதான் பழக்கம். வி.ஐ.பி. வந்தால் எல்லாக் கேமராவும் அவர் முகத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் ஆல்பம் கொடுக்கும்போது சண்டை வரும். மற்ற நேரத்தில் கேமராவை அணைத்து அணைத்துப் போடுவார்கள். டி.ஜே. பெட்டிச் சத்தம் தாங்காது என்று கேமராவின் மைக்கையும் அணைத்தே வைத்திருப்பார்கள். அன்றைக்கும் இவர் அணைத்துத்தான் வைத்திருந்தார், மற்ற இரண்டு கேமராவிலும் மைக் ஓடியது.

திரும்பி வந்து அவர் கேமராவைப் போட்டபோது பாட்டு பாதி ஓடிவிட்டது. கல் தட்டுமில்லை, கைதட்டலுமில்லை, கேமராவில் சத்தமே இல்லை. ஊமைப் படம்.

"ஏங்க அணைச்சீங்க?" என்று கேட்டேன்.

"பேட்டரி கம்மியா இருந்திச்சுக்கா. பொன்னாடைக்கு வேணும் இல்ல?" என்றார், நான் ஏதோ விவரம் தெரியாமல் கேட்டது போல.

தலையில் அடித்துக்கொண்டேன். ஊமைப் படத்தைப் பாட்டோடு ஒட்டுவது லேசான வேலையில்லை. குத்துமதிப்பாக ஓரிடத்தில் வைத்துவிட்டு, பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம் என்று இருந்தேன். அதற்குள் செயலாளர் போன் மேல் போன். விருந்தினரின் பேச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், உடனே வேண்டுமாம். கச்சேரி முழுவதையும் கச்சாவாக ஓட்டி, படத்தின் ஓரத்தில் 'சரிபார்க்க மட்டும்' என்று எழுத்துப் போட்டு அனுப்பினேன். பேச்சை மட்டும் பாருங்கள், இரண்டாம் பாதி இன்னும் ஒட்டவில்லை, யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று போனிலும் சொன்னேன். "சரி சரி, தெரியும்மா" என்றார்.

என்ன தெரியும் அவருக்கு? அடுத்த வாரம் என் சித்தி மகள் ஒரு வீடியோவை எனக்கு அனுப்பி, 'இது உன் வேலையா?' என்று கேட்டிருந்தாள். சபாவின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். தனி ஆவர்த்தனம். போனில் பார்க்கத் தோதாக நெட்டுக்குத்தாக வெட்டியதில் என் எழுத்து ஓரத்தோடு போய்விட்டது. தனி ஆவர்த்தனத்தில் திரையை மேலும் கீழுமாகப் பிரித்து, மேலே பாடகர் தாளம் போடும் கையையும் கீழே மிருதங்கம் வாசிக்கும் கையையும் வைப்பது என் வழக்கம், இரண்டும் ஒன்றாக விழுவதைப் பார்க்க அழகாக இருக்கும். கச்சாவிலும் அப்படியே வைத்திருந்தேன். அதில் என்ன ஆயிற்று என்றால், மேலே பாடகரின் கை தாளத்தில் சரியாக விழுகிறது. கீழே அவள் கை ஒரு கணம் கழித்து விழுகிறது. ஒவ்வொரு தட்டும். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும்.

பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? இந்தப் பெண்ணுக்குத் தாளம் நிற்கவில்லை, அவ்வளவுதான் தெரியும். கீழே கருத்துகளைப் படித்தேன். 'ஐயா பாவம், இழுத்துக்கினு போறாரு.' 'தாளம் ஒரு பக்கம் தங்கச்சி ஒரு பக்கம்.' 'மல்லாட்டை பறிக்கப் போம்மா.' சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. அவள் ஊர், குடும்பம் எல்லாம் தெரிந்த எவனோதான் அந்த மல்லாட்டையை எழுதியிருக்கிறான். போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன், அவள் அழைப்பு வந்ததால் தப்பியது.

"அக்கா, நான் அவ்ளோ பிந்தியா வாசிச்சேன்?" என்றாள்.

"இல்லடி! படம் ஒட்டல. உன் தப்பு இல்ல."

"அவரு போன் பண்ணாருக்கா. மார்கழிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. நீ இன்னும் ரெண்டு வருஷம் சாதகம் பண்ணுமான்னாரு."

பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

எல்லா வேலையையும் ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இரண்டாம் பாதியில் உட்கார்ந்தேன். ஊமைப் படத்துக்குச் சத்தம் இல்லையென்றால் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். விரல் தோலைத் தொடுகிற படம் எது, தொடப் போகிற படம் எது என்று ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். வேகமாக வாசிக்கிற இடத்தில் விரல் புகையாகத்தான் தெரியும், அங்கே ஒன்றும் பிடிபடாது. அவள் வாசிப்பை நிறுத்தி ஒரே ஒரு அடி அடிக்கிற இடங்கள்தான் எனக்கு வேண்டும். அவற்றைத் தேடி, கை விழுவதையும் சத்தம் எழுவதையும் நேருக்கு நேர் வைத்தேன். முதலில் வைத்தது கடைசியில் விலகியது. கடைசியில் வைத்தால் நடுவில் விலகியது. படத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து மறுபடி வைத்தேன். எல்லாம் ஒட்டியபோது திரையில் மேல் கையும் கீழ் கையும் ஒன்றாக விழுந்தன, ஒரு இடம் தப்பவில்லை. அவள் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. நான் சத்தத்தை எங்கேயும் தொடவில்லை.

அதை எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிற மாடி வீடு அவருடையது. கீழே நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீடியோவ எடுத்துடுங்க. அது தப்பு வீடியோ. உங்களுக்கு நான் சொன்னனா இல்லயா?" என்றேன்.

"எதுக்கும்மா எடுக்கணும்? அதான் நல்லா ஓடுதே. நம்ம சபாவுக்கு இவ்ளோ பேரு எப்பவாச்சும் பாத்திருக்காங்களா?"

"பாக்கறவங்கல்லாம் அந்தப் பொண்ண கிண்டல் பண்றாங்க. உங்க கண்ணுக்குத் தெரியலயா?"

"நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அதுக்கெல்லாம் பாத்தா முடியுமா? நீ ஜாஸ்தி டென்ஷன் ஆவாத."

நான் கத்திய கத்தலில் மாடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். ஒரு பெண்ணின் பிழைப்பு போகிறது, இவருக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது பெரிதாகப் போயிற்றா? அந்த வீடியோ இருக்கிறவரைக்கும் முழுக் கச்சேரி என் கையை விட்டு வராது, உங்கள் விருந்தினரின் பொன்னாடையும் வராது என்று சொன்னேன். பொன்னாடை என்றதும்தான் மனிதர் அசைந்தார். அந்தத் தப்பு வீடியோவை எடுத்துவிட்டு, சரியான வீடியோவைப் போட்டார்.

எடுத்து என்ன பிரயோசனம்? அதற்குள் அது ஊரெல்லாம் சுற்றியாகிவிட்டது. பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் அவரவர் போனில் வைத்திருந்தார்கள். சரியான வீடியோவுக்குக் கீழே என்ன எழுதினார்கள் தெரியுமா? 'எடிட்டிங்ல சரி பண்ணிட்டாங்கப்பா.' 'கம்ப்யூட்டருக்கு நல்லா தாளம் வருது.' பொய்யை ஒருவன்கூடச் சந்தேகப்படவில்லை. உண்மையைக் கொண்டுவந்து வைத்ததும் எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது, எடிட்டிங் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. எத்தனை கெட்ட வார்த்தை உண்டோ அத்தனையும் அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

பாடகருக்கு அந்த வீடியோவை அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். அவராவது கேட்பார் என்று நினைத்தேன். தாளம் போட்டது அவர் கைதானே!

"பாத்தேம்மா. நன்னா பண்ணியிருக்கீங்க" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க ஐயா. அன்னிக்கு நடந்தது இதுதான். நீங்கதானே தாளம் போட்டீங்க? அவ தப்பினா உங்களுக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தோணலை, வாஸ்தவம். சரியா இருந்த மாதிரிதான் இருந்தது. அந்த வீடியோவைப் பாத்தப்புறம்தான் இவ்வளவு தப்பியிருக்காளே, நாம கவனிக்கலையேன்னு..."

"ஐயா, படத்த விட்டுடுங்க. போனக் கவுத்து வெச்சுட்டு, நீங்களே தாளம் போட்டு சத்தத்த மட்டும் கேளுங்க. அந்தத் தப்பு வீடியோவையே கேளுங்க. சத்தம் ரெண்டுலயும் ஒண்ணுதான். நான் தொடவே இல்ல. உங்க காது சொல்லும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நீங்க சொல்றது வாஸ்தவமாவே இருக்கலாம்மா. ஆனா ஊர்ல எல்லாரும் பாத்துட்டா. இப்போ அவளைக் கூட்டிண்டு போனா என்னையும் சேர்த்து நாலு பேர் பேசுவா. வேற பையனுக்குச் சொல்லியாச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

வாழ்நாள் முழுவதும் காதை வைத்துச் சாப்பிட்ட மனிதர். தன் தொடையில் தான் போட்ட தாளத்தை, தன் காதில் விழுந்த மிருதங்கத்தை நம்பாமல், உள்ளங்கை அளவு போன் திரையை நம்பினார். செயலாளருக்கு ஒன்றும் தெரியாது, விட்டுவிடலாம். சிரிக்கிற பொம்மை போட்டவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. இவருக்குத் தெரியும். தெரிந்தும் செய்தார். அவர் மேல் உள்ள கோபம் எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். மரியாதையாக வைக்கிறேன் ஐயா என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்தேன்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். மார்கழி போனது போகட்டும், அவளாவது தன் கை தப்பவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவள் அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒரு வாரமா தொடவே இல்லம்மா, நீயாச்சும் சொல்லு" என்றார். மிருதங்கம் உறை போட்டபடி மூலையில் இருந்தது.

படத்தை ஓடவிட்டேன். அவள் முழுவதையும் அசையாமல் பார்த்தாள். மேல் கை, கீழ் கை, ஒன்றாக.

"நல்லா சரி பண்ணிட்டீங்கக்கா. தேங்க்ஸ்க்கா" என்றாள்.

"நான் எங்கடி சரி பண்ணேன்? நீ வாசிச்சதுதான் இது. அதுதான் பொய், இதுதான் நெஜம்."

"சரிக்கா" என்று தலையாட்டினாள். பிடிவாதம் பிடிக்கிற குழந்தையிடம் பெரியவர்கள் சரி என்று சொல்வார்களே, அப்படி.

"நீயுமாடி?" என்று கத்திவிட்டேன். "அந்தக் கண்றாவிய எத்தன தடவ பாத்த?"

"தெரியலக்கா. பாத்துக்கினே இருந்தேன்."

"எடு அத. இப்பவே வாசி. கேமராவும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நான் தாளம் போடறேன், எனக்கு ஆதி தாளம் வரும்."

தயங்கித் தயங்கி உறையைக் கழற்றி மடியில் வைத்தாள். நான் தொடையில் தட்ட ஆரம்பித்தேன். அவளும் வாசிக்க ஆரம்பித்தாள். தப்பவில்லை, எங்கேயும் தப்பவில்லை, என் தாளம்தான் நடுவில் ஒருமுறை ஆடியது. ஆனால் அன்றைக்கு மேடையில் பாடகரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தவள், இப்போது தலையைத் தூக்கவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் குனிந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு வாசிப்பை நிறுத்திவிட்டு, மெதுவாக ஒரே ஒரு அடி அடித்தாள். இன்னொன்று அடித்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கை விழறப்பவே சத்தம் வருதா?" என்று கேட்டாள்.